தேதியைக் கேளுங்கள், பிறகு ஸ்கேன் எழுதுங்கள்

பிசிஓஎஸ் (பிசிஓடி என்றும் சொல்லப்படும் சினைப்பைக் கோளாறு) என்ற சந்தேகத்தோடு மகளிர் மருத்துவப் பிரிவுக்கு வரும் பெண்களில் பலர் இப்போது ஸ்கேன் அறிக்கையோடுதான் உள்ளே வருகிறார்கள். மருத்துவர் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே ‘பிசிஓடி புரொஃபைல்’ என்று லேபில் ரத்தம் கொடுத்தாகிவிடுகிறது. இரண்டு சினைப்பையும் சற்றுப் பெரிது, சிறு கருமுட்டைப் பைகள் நிறைய, பிசிஓடி தோற்றம் என்று அறிக்கை முடிகிறது. இளம் மருத்துவர் அந்தக் கடைசி வரியைப் படிக்கிறார், எடையைக் குறைக்கச் சொல்கிறார், மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதுகிறார், அடுத்தவரைக் கூப்பிடுகிறார். மாதவிடாயைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி “ரெகுலரா?” என்பதாக இருக்கும். மாதவிடாய் வரலாற்றைக் கேட்டு வாங்குவது எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர் கையில் பிசிஓஎஸ் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும். அது தெரியாதவருக்கு எந்த இயந்திரமும் கைகொடுக்காது. ஆனால் இந்தத் திறமையை இன்று ஒரு திறமையாகவே யாரும் மதிப்பதில்லை. ஸ்கேனுக்குக் கட்டணம் உண்டு, கேள்விக்குக் கட்டணம் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இதைப் பழைய ஆட்களின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. 1935-இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் 7 பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த நோய் பாடப்புத்தகத்துக்கு வந்தது. அவர்கள் தொடங்கிய இடம் அந்தப் பெண்களுக்கு மாதவிடாய் வராமல் போனது. மிகையான ரோமம் போன்ற அடையாளங்களையும் குறித்துக்கொண்டார்கள். வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துச் சினைப்பையைப் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகு. 2003-இல் ராட்டர்டாமில் கூடியவர்கள் மூன்று அடையாளங்களை வகுத்து, அவற்றில் இரண்டு இருந்தால் போதும் என்றார்கள்: தள்ளித் தள்ளி வரும் மாதவிடாய், ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜன் மிகை, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம். 2018-இல் வந்து 2023-இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டி இன்னும் தெளிவாகவே பேசுகிறது. முதல் இரண்டும் இருந்து, தைராய்டு, புரோலாக்டின், 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்த்து மற்ற காரணங்களை விலக்கிவிட்டால், ஸ்கேன் எடுக்காமலேயே பிசிஓஎஸ் என்று எழுதலாம். வழிகாட்டியைக் கைபேசியில் வைத்திருப்பவர்கள்கூட இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஸ்கேன் கண்ணால் பார்த்த சாட்சி, வாய்ச்சொல் அப்படியல்ல என்பார்கள். அந்தச் சாட்சி எவ்வளவு தடுமாறியிருக்கிறது என்று பாருங்கள். 2003-இல் ஒரு சினைப்பையில் 12 பைகள் இருந்தால் போதும். பிறகு இயந்திரங்கள் கூர்மையாயின. முன்பு தெரியாத பைகளெல்லாம் தெரிய ஆரம்பித்தன, எந்தக் குறையும் இல்லாத பெண்களுக்கும் 12-ஐத் தாண்டியது. 2018-இல் எல்லையை 20-க்கு உயர்த்த வேண்டியதாயிற்று. சினைப்பை அப்படியேதான் இருந்தது, கருவி மாறியதால் அது நோயானது. அந்த 20 என்ற எண்ணும் யோனி வழியாக எடுக்கும் உயர் அதிர்வெண் ஸ்கேனுக்கு மட்டுமே பொருந்தும். நம் ஊரில் கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த ஸ்கேன் எடுப்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்கச் சொல்லி, வயிற்றின் மேல் வைத்து எடுக்கிறோம். அதில் பைகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. உடல் பருமனாக இருந்தால் சினைப்பையின் விளிம்பே சரியாகத் தெரியாது. கொள்ளளவு 10 மில்லிலிட்டரைத் தொடுகிறதா என்று மட்டும் ஓரளவு சொல்லலாம். எத்தனை அறிக்கைகளில் அந்த அளவு எழுதப்பட்டிருக்கிறது? ‘பிசிஓடி தோற்றம்’ என்ற சொற்கள் மட்டும் தவறாமல் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. வயதுக்கு வந்து 8 ஆண்டுகள் ஆகும் வரை சினைப்பையில் பைகள் நிறைய இருப்பது இயல்பு. அந்த வயதில் நோயைக் கண்டறிய ஸ்கேனைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது வழிகாட்டி. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘நீர்க்கட்டி’ என்று சொல்லிவிடுகிறார்கள், அந்த வீட்டில் அன்றிலிருந்து குழந்தை பிறக்குமா என்ற கவலை குடியேறுகிறது.

கேட்பது எப்படி என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் சிரமமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. “பீரியட்ஸ் ரெகுலரா?” என்ற கேள்வி பயனற்றது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வருகிறவளும் ரெகுலர் என்பாள். மாத்திரை போட்டதும் சரியாக வருகிறவளும் ரெகுலர் என்பாள். 26 நாளில் ஒரு தடவை, 30 நாளில் ஒரு தடவை என்று வருகிறவள், தேதி மாறுகிறதே என்று பயந்து, இர்ரெகுலர் என்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா முந்திக்கொண்டு “கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும் டாக்டர்” என்று முடித்துவிடுவார். தேவை தேதிகள், தேதிகள் நினைவில் இருப்பதில்லை. ஆனால் மாதவிடாயால் எதெல்லாம் தடைப்பட்டதோ அதெல்லாம் நினைவில் இருக்கும். பொங்கலுக்குப் பானை வைக்க நின்றாயா, ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குப் போனாயா, அரையாண்டுப் பரீட்சையில் எந்தப் பரீட்சை அன்று வயிற்று வலி, அக்கா கல்யாணத்தில் ஒதுங்கி இருந்தாயா என்று கேட்டால் ஒவ்வொன்றாக வரும். இஸ்லாமியப் பெண்ணிடம் ரமலானில் எத்தனை நோன்பு விட்டுப்போனது என்று கேட்டால் மிகத் துல்லியமாகச் சொல்வாள், விட்ட நோன்பைப் பிறகு வைத்தாக வேண்டுமல்லவா. கிராமத்து அம்மாவிடம் “பாப்பா தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சும்மா?” என்று கேட்டால் கணக்கு வந்துவிடும். கைபேசிச் செயலியைக் காட்டுகிறவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். பெண் பதிந்த தேதி வேறு, செயலி தானாக ஊகித்துப் போட்ட தேதி வேறு. திரையில் இரண்டும் அடுத்தடுத்துத்தான் இருக்கும்.

தேதிகள் கிடைத்த பிறகும் வேலை முடியாது. அவற்றில் எவை உடலே கொண்டுவந்தவை, எவை மாத்திரை கொண்டுவந்தவை என்று பிரிக்க வேண்டும். குலதெய்வக் கோயில் திருவிழாவுக்காகத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கியிருப்பார்கள், கடையில் சீட்டில்லாமலே கிடைத்திருக்கும். அதை ‘மருந்து’ என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆகவே “ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா?” என்றால் இல்லை என்பாள். விசேஷத்துக்காக எதுவும் போட்டாயா என்று தனியாகக் கேட்க வேண்டும். வயதுக்கு வந்தது எந்த வகுப்பில் என்பதும் தெரிய வேண்டும், அளவுகோல் அதைப் பொறுத்து மாறும். முதல் ஆண்டில் எப்படி வந்தாலும் இயல்பு. மூன்று ஆண்டு வரை 21 முதல் 45 நாள், அதன்பின் 21 முதல் 35 நாள், ஆண்டுக்கு 8 தடவைக்குக் குறையாமல். முதல் ஆண்டு கழிந்தபின் ஒரே ஒரு தடவை 90 நாளைத் தாண்டினாலும் கவனிக்க வேண்டும். அம்மாவைச் சில நிமிடம் வெளியே இருக்கச் சொல்வதும் இதில் ஒரு பகுதி. கர்ப்பத்தை விலக்காமல் நாள் தள்ளியதற்கு எந்தக் காரணமும் சொல்லக் கூடாது, அந்தக் கேள்வியை அம்மா முன்னால் கேட்டால் உண்மை வராது. சாப்பாட்டைப் பற்றியும் அப்போதே கேட்டுவிட வேண்டும். ஒல்லியாக இருப்பதற்காகச் சோற்றைக் குறைத்து, ஓடி ஓடி உடற்பயிற்சி செய்து, அதனால் மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கும் ஸ்கேனில் அதே பைகள் தெரியக்கூடும். அறிக்கையை மட்டும் படித்தவர் அவளுக்கு பிசிஓஎஸ் என்று பெயர் சூட்டி, இன்னும் சாப்பாட்டைக் குறை என்று அனுப்பிவிடுவார். நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுப்பது இது. என்னை அதிகம் கோபப்படுத்துவது இந்தத் தவறுதான், ஏனென்றால் ஒரே ஒரு கேள்வியில் தவிர்க்கக்கூடியது.

ஆண்ட்ரோஜன் மிகையையும் கண்ணாலும் கேள்வியாலும் பெருமளவு அளந்துவிடலாம். 1961-இல் ஃபெரிமனும் கால்வேயும் வகுத்த அட்டவணையைத் திருத்தி, உடலில் 9 இடங்களில் ரோமத்துக்கு மதிப்பெண் போடுகிறோம். பார்லரில் நேற்று திரெடிங் செய்துவிட்டு வந்தவளுக்கு முகத்தில் மதிப்பெண் பூஜ்யம் வரும். மேலுதடு மட்டுமா, தாடைக்குமா, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்க வேண்டும். மேலுதட்டுக்கு எல்லாரும் செய்துகொள்கிறார்கள், தாடைக்கு வாரம் ஒரு முறை போகிறவளுடைய கணக்கு வேறு. துப்பட்டாவைச் சற்று விலக்கிப் பின்கழுத்தைப் பார்த்தால், வெல்வெட் மாதிரி தடித்த கருமை தெரியும். அழுக்கென்று வீட்டில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருப்பார்கள். அது இன்சுலின் வேலை செய்யாமல் தேங்கி நிற்பதன் அடையாளம். அந்த மிகை இன்சுலின்தான் சினைப்பையை ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது, கல்லீரலில் ஆண்ட்ரோஜனைப் பிணைத்துவைக்கும் எஸ்ஹெச்பிஜி புரதத்தைக் குறைத்து அந்த ஆண்ட்ரோஜனை ரத்தத்தில் சுதந்திரமாக உலவவும் விடுகிறது. கழுத்தைப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கும் அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. நேரம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கேன் எழுதினால் நேரம் மிச்சமாகிறதா? அந்தப் பெண் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அறிக்கையோடு மறுபடி அதே மேசைக்கு வர வேண்டும். கேள்விகளில் பாதியைச் செவிலியரே கேட்டுக் குறித்துவைக்கலாம். ஸ்கேனுக்குப் பதில் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை வந்துவிட்டதே என்பார்கள். 2023 வழிகாட்டி அதைப் பெரியவர்களுக்கு ஸ்கேனுக்கு மாற்றாக ஏற்றிருப்பது உண்மை, வளரிளம் பெண்களுக்கு வேண்டாம் என்றிருப்பதும் அதே அளவு உண்மை. அது மூன்றாவது அடையாளத்தின் இடத்துக்குத்தான் வருகிறது, முதல் இரண்டின் வேலையைச் செய்யாது. சற்று முன்கூட்டியே பயமுறுத்தினால் பிள்ளைகள் நடக்கவும் ஓடவும் செய்வார்களே, அதில் என்ன நஷ்டம் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். பயந்த பிள்ளை நடப்பதில்லை. பட்டினி கிடக்கிறாள், பிறகு அள்ளிச் சாப்பிடுகிறாள், முடங்கிப் போகிறாள். பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் உணவுக் கோளாறுகளும் அதிகம் என்பதால்தான் அவற்றையும் கேட்டறியச் சொல்கிறார்கள். குழந்தை பிறக்காது என்ற பயமும் தேவையற்றது. கருமுட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையை நம் நாட்டில் 2011-இல் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்குத் தடை செய்தார்கள், பிறகு நீக்கினார்கள். 2014-இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஆய்வில் அதை எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள், பழைய குளோமிஃபினில் 19.1 சதவீதம். ஐந்து சுழற்சிகளுக்குள் கிடைத்த முடிவு அது, சிகிச்சையின் முதல் படி மட்டுமே.

அடுத்தது மாத்திரை. ஹார்மோன் மாத்திரையை நான் எதிர்க்கவில்லை. அது சினைப்பையைத் தூண்டும் எல்எச் ஹார்மோனை அடக்குகிறது, எஸ்ஹெச்பிஜியை உயர்த்துகிறது, முகத்து ரோமத்துக்கும் பருவுக்கும் பலன் தருகிறது. அதற்கு ஆறு மாதமாவது ஆகும் என்று சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் குறை. ரத்த அழுத்தமும், ஒற்றைத் தலைவலியும், வீட்டில் ரத்தக்கட்டு வந்தவர்களும் உண்டா என்று கேட்காமல் எழுதுவது பெரிய தவறு. மூன்று மாதம் கொடுத்து நிறுத்தினால், மாத்திரை நிறுத்தியதால் வந்த ரத்தப்போக்கை மாதவிடாய் சரியாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு குடும்பம் நிம்மதியாகிறது, பிறகு ஐந்து மாதம் வருவதில்லை. மாதவிடாய் வராதது நிம்மதி என்று நினைக்கும் பெண்களும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து வேலை செய்தால் கருப்பையின் உள்வரி தடித்துக்கொண்டே போகும், பிற்காலப் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகும். மொத்தத்தில் அது அரிதான புற்றுநோய் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆபத்தைத் தடுக்க 90 நாளைத் தாண்ட விடாமல் புரோஜெஸ்டிரோன் கொடுத்துப் போக்கை வரவழைத்தால் போதும். இதை எழுதிக் கொடுத்து, அடுத்து எப்போது வர வேண்டும் என்றும் எழுத வேண்டும். எடையைப் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாற்றம் தெரியும். இன்ன உணவுமுறைதான் சிறந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை, இட்லியைச் சாமை இட்லியாக்கி ஆறு சாப்பிட்டால் கணக்கு மாறாது.

சர்க்கரை பற்றிய அலட்சியம் இதற்கெல்லாம் மேல். தெற்காசியப் பெண்களுக்குக் குறைந்த எடையிலேயே இன்சுலின் தடை வருகிறது. பிஎம்ஐ 23 என்றாலே நமக்குக் கூடுதல்தான். பிசிஓஎஸ் என்று உறுதியானதும், ஒல்லியோ பருமனோ, 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் பலர் தப்பிவிடுவார்கள். நம் பொதுச் சுகாதாரத் திட்டங்களில் சர்க்கரைக்கான பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. இந்தப் பெண்களில் சிலருக்கு 24 வயதிலேயே அளவு ஏறியிருக்கும், வீடு தேடி வரும் ஊழியரின் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. 45 வயதில் சர்க்கரை நோயோடு பொது மருத்துவரிடம் போகும்போது, இளவயதில் மாதவிடாய் எப்படி வந்தது என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் அந்தப் பெண்ணின் மகளையும் அழைத்து வரச் சொல்லலாம், பிசிஓஎஸ் குடும்பத்தில் தொடர்ந்து வருவது. புறநோயாளிச் சீட்டில் மாதவிடாய்க்கு இப்போது ‘எல்எம்பி’ (கடைசி மாதவிடாய்) என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒரு தேதி எழுத இடம் உண்டு. அந்த இடத்தில் கடந்த ஓர் ஆண்டுக்கு 12 கட்டங்கள் அச்சடிக்க வேண்டும், மாத்திரையால் வந்த மாதங்களைத் தனியாகக் குறிக்க ஒரு வரிசை வேண்டும், ஸ்கேன் எழுதும் இடம் அதற்குக் கீழே இருக்க வேண்டும்.