குர்துபாவில் ஒரு முற்றம்

குர்துபா என்னும் பெயர் மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஊர்ப் பெயராக அறிமுகமாவதில்லை. ஓர் இமாமின் பெயரோடு ஒட்டியே அறிமுகமாகிறது. திருக்குர்ஆனின் சட்ட விளக்கங்களைப் பல பாகங்களாக விரித்தெழுதிய இமாம் குர்துபீ (ரஹ்) அவர்களின் தஃப்ஸீரை உஸ்தாத் எங்களுக்கு எடுத்துக் காட்டிய நாளில், அவ்வூர் எத்திசையில் இருக்கிறது என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. என் நினைவில் நின்றது ஒரு செய்திதான். ஹிஜ்ரி 627, ரமளான் மூன்றாம் நாள் காலையில் பகைவர் குர்துபாவின் மீது திடீரெனப் பாய்ந்தபோது மக்கள் கதிரடிக்கும் களத்தில் இருந்தனர். கொல்லப்பட்டோரில் இமாமின் தந்தையும் ஒருவர். அவரைக் குளிப்பாட்டித் தொழவைத்து அடக்குவதா, போர்க்கள ஷஹீதைப் போல் அப்படியே அடக்குவதா என்று மகன் தம் ஆசிரியர் பலரிடம் சென்று கேட்டார். பிற்காலத்தில் அதைத் தம் தஃப்ஸீரிலேயே எழுதியும் வைத்தார். துயரத்தின் நடுவிலும் சட்டத்தைத் தேடிய அந்த மகனைப் பற்றி மாணவர்களுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மாட்ரிட் நகரில் பணிபுரியும் என் மகன் 2023 மே மாதத்தில் எங்கள் இருவரையும் அழைத்திருந்தான். அங்கிருந்து குர்துபாவுக்கு விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பள்ளிவாசலைக் காண்பது ஒன்றே என் நோக்கம். முதலாம் அப்துர் ரஹ்மான் 785-இல் கட்டத் தொடங்கிய அப்பள்ளி, 1236-இல் நகரம் கைமாறியபின் தேவாலயமானது. இன்றும் கத்தோலிக்கப் பேராலயமே. முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதியில்லை. 1933-இல் அதைக் கண்ட அல்லாமா இக்பால் அதன்மீது நெடுங்கவிதை பாடினார். அந்தலூஸை எண்ணிக் கண்ணீர் வடித்து எழுதுவது நம் ஏடுகளில் ஒரு மரபாகவே ஆகிவிட்டது. நானும் வடித்திருக்கிறேன். ஆகவே தூண்களையும் வளைவுகளையும் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

என்னை நிறுத்தி வைத்தது பள்ளியின் வெளிமுற்றம். அரபியில் அதற்கு ஸஹ்ன் என்று பெயர். நாரத்தை இனத்து மரங்கள் அங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரு மரத்தின் அடியிலிருந்து அடுத்த மரத்தின் அடிக்குத் தரையில் வாய்க்கால் ஓடுகிறது. அவ்வாய்க்காலை அந்நாட்டார் 'அசெக்கியா' என்கிறார்கள். அது நம் 'ஸாகியா'. அம்மரத்தின் பூவை 'அஸஹார்' என்கிறார்கள். அது 'அஸ்ஸஹ்ர்', பூ என்றே பொருள். நீர்த்தொட்டிக்கு அவர்கள் வைத்துள்ள 'அல்ஹீபே' என்னும் சொல் 'அல்ஜுப்' என்பதிலிருந்து வந்தது. யூசுஃப் நபி (அலை) அவர்களைச் சகோதரர்கள் தள்ளிய கிணற்றுக்குத் திருமறை சொல்லும் பெயரும் அதுவே. பழத்தின் பெயர் 'நரான்ஹா'. அரபியில் 'நாரஞ்ச்', பார்சியில் 'நாரங்', வடமொழியில் 'நாரங்க'. அதற்கும் மூலம் தென்னாட்டுச் சொல்லே என்று மொழியறிஞர் பலர் கருதுவர். ஆரணிச் சந்தையில் ஊறுகாய்க்கு வாங்கும் நாரத்தங்காயின் பெயர் அத்தனை கடலையும் கடந்து அந்த முற்றத்தில் காய்த்திருப்பதைக் கண்டு, ஆசிரியத் தொழிலுக்கே உரிய கர்வத்தோடு மகனுக்கு விளக்கினேன். முற்றத்தை அவர்கள் 'பாத்தியோ' என்கிறார்களே, அது நம் 'பாத்தி'யா என்று அவன் கேட்டான். ஒலியொப்புமையை வைத்துக்கொண்டு உறவு கொண்டாடக் கூடாது என்று அடக்கினேன்.

"அப்படியானால் உண்மையான பாத்தியோவைக் காட்டுகிறேன், வாருங்கள் அத்தா" என்று ஸான் பசிலியோ என்னும் பழைய தெருவுக்கு அழைத்துப் போனான்.

ஆண்டுதோறும் மே மாதத்தின் முதற்பகுதியில் குர்துபா மக்கள் தம் வீட்டு முற்றங்களை ஊராருக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921-இல் நகராட்சி தொடங்கிய போட்டி அது. சிறந்த முற்றத்துக்குப் பரிசுண்டு. 2012-இல் யுனெஸ்கோ இவ்விழாவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சுவரும் கதவுமே. உள்ளே காலெடுத்து வைத்தால் கண் கூசுகிறது! சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர்களில் தரையிலிருந்து கூரைவரை நீலத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் செக்கச் சிவந்த ஜெரேனியம். மூலையில் மல்லிகைக் கொடி. கூழாங்கற்கள் பதித்த தரை, நடுவே கிணறு. இவையெல்லாம் நம்மவர் விட்டுச் சென்றவை என்று மார்தட்டிக் கொள்ளவும் இயலாது. நடுமுற்றம் வைத்து வீடு கட்டுவது அங்கே ரோமானியர் காலத்து வழக்கம். முஸ்லிம்கள் அதை ஏற்று நீரும் நிழலும் சேர்த்தார்கள். பிற்காலத்தில் ஏழைக் குடும்பங்கள் பல, ஆளுக்கோர் அறையாக ஒரே வீட்டில் வாழ்ந்து, துவைப்பதற்கும் சமைப்பதற்கும் முற்றத்தைப் பொதுவாக வைத்துக் கொண்டன.

ஒரு வீட்டில் எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர், நீண்ட கழியின் நுனியில் தகரக் குவளையைக் கட்டி, உயரத்துத் தொட்டிகளுக்கு நீர் வார்த்துக் கொண்டிருந்தார். ஒரு சொட்டும் சுவரில் வழியவில்லை. என் இல்லாள் வியந்து நிற்பதைக் கண்டு அவர் பேசத் தொடங்கினார், மகன் மொழிபெயர்த்தான். செடிகள் அவருடைய தாயார் வைத்தவையாம். தந்தை இறந்தபின் தாயார் கறுப்பு உடுத்திக்கொண்டு நெடுநாள் தெருவாசலைத் தாண்டவில்லையாம். அந்நாளில் அவருக்கு ஊரும் உலகமும் இந்த முற்றம்தானாம். பிறகு என்னைப் பார்த்து, உங்கள் வீட்டிலும் முற்றம் உண்டா என்று கேட்டார்.

"உண்டு" என்றேன்.

என் இல்லாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மகன் சற்றுத் தயங்கிவிட்டே அதை மொழிபெயர்த்தான்.

ஆரணியில் எங்கள் பூர்விக வீட்டில் முற்றம் இருந்தது உண்மை. கிணறு, உளூச் செய்யும் கல், ஒரு மருதோன்றிச் செடி, நித்தியமல்லிப் பந்தல், அவ்வளவுதான். முதற்பிறை அங்கிருந்து தெரியாது. அடிவானில் தாழ்ந்து மறைந்துவிடும். மூன்றாம் பிறைதான் மேற்குச் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கும். அத்தாவின் தாயார் இத்தா இருந்தபோது அந்த மூன்றாம் பிறையைக் கண்ணால் கண்ட பிறகே மாதம் பிறந்ததென்று ஒப்புக்கொள்வார்களாம்.

1999-இல் தம்பி பட்டுச் சேலைத் தொழிலில் இறங்கினான். தறி போட வேறு இடமில்லை. சாயம் தோய்ந்த பட்டு வெயிலைத் தாங்காது. மழைச்சாரல் பட்டாலும் கெடும். ஆகவே முற்றத்தின்மேல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்து இரண்டு தறிகளை இறக்கினோம். பந்தலைப் பிரித்தவன் நானே. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

2006 மார்ச்சில், ஸஃபர் பிறை பிறந்த இரவில் அத்தா மௌத்தானார்கள். அம்மாவுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அந்த ஆண்டின் சித்திரையும் கத்திரி வெயிலும் தகட்டின்கீழ் கழிந்தன. ஒவ்வொரு மாதமும், "தம்பி, மூன்றாம் பிறை சுவருக்கு வந்துடுச்சா?" என்று அம்மா கேட்பார்கள். நான் நாட்காட்டியைப் பார்த்து, "வந்துடுச்சும்மா" என்பேன்.

இத்தாவிலிருக்கும் பெண் தன் வீட்டு ஸஹ்னுக்கு வரலாம் என்பது ஹனஃபீ ஃபிக்ஹு நூல்களில் உள்ள மஸ்அலா. அதை அந்த ஆண்டும் வகுப்பில் நடத்தினேன். ஸஹ்ன் என்றால் என்ன என்று ஒரு மாணவன் கேட்டான். முற்றம் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, தறியோசை கேட்கும் இருட்டறையில் அம்மாவின் அருகில் அமர்ந்து சோறுண்டேன். ஒன்றும் உறைக்கவில்லை. தந்தைக்காகச் சட்டம் கேட்டு அலைந்த இமாமின் ஊரில், ஒரு கிறிஸ்தவ மூதாட்டி கேட்டபோதுதான் உறைத்தது. அம்மா 2011-இல் போய்ச் சேர்ந்தார்கள்.

ஊர் திரும்பியதும் தம்பியிடம் பேசினேன். தறிகள் நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. பழைய பெட்டிகளும் உடைந்த நாற்காலிகளுமே அங்கே கிடந்தன. மழைக்கு என்ன செய்வது என்று மட்டும் கேட்டான். முற்றத்தில் மழை பெய்யும் என்றேன். நான்கு தகடுகளைக் கழற்றினோம். என் இல்லாள் மறுநாளே ஒரு மல்லிகைப் பதியனைக் கொண்டுவந்து ஊன்றினாள்.

அடுத்து வந்த துல்ஹஜ் மூன்றாம் பிறையன்று மஃரிபுக்குப் பின் நானும் தம்பியும் முற்றத்தில் வந்து நின்றோம். பிறை தெரியவில்லை. மேற்கே பக்கத்து வீட்டார் இரண்டு மாடி எழுப்பியிருக்கிறார்கள். ஏழாம் நாள் மாலையில்தான், பாதி நிலவாக, நேர் உச்சிக்கு அருகில் கண்டோம்.