யார் வண்டி?

மஞ்சக்குப்பத்தில் ஏழு வருடமாக எங்கள் அலுவலக பொலிரோவைத்தான் ஓட்டுகிறேன். களப்பணி, காவல் நிலையம், அரசு மருத்துவமனை, கலெக்டர் ஆபீஸ், எல்லாவற்றுக்கும் அதுதான். ஆக்சிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். அப்படிப்பட்ட நான் போன மாதம் ஒரு ஆடி ஏ5 ஸ்போர்ட்பேக் ஓட்டினேன். வன்கொடுமை வழக்குகளைப் பற்றி எழுதுகிற அக்காவுக்கு ஆடி கார் எதற்கு என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

வண்டி என் சித்தி மகனுடையது. டீசல் மெக்கானிக். புதுச்சேரியில் பட்டறை வைத்திருக்கிறான். பதினைந்து வருடம் அடுத்தவர் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். கடன் வாங்கி, இரண்டு கை மாறிய இந்த வண்டியை வாங்கினான். கூரை கூப் கார் போலப் பின்பக்கம் சரிந்து இறங்கும். இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின், கம்பெனியிலிருந்து வரும்போது 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க். தம்பி அதை ரீமேப் செய்திருக்கிறான். எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அழுத்த வேண்டும் என்று இன்ஜினின் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். இப்போது 230-க்குப் பக்கத்தில் வரும் என்கிறான்.

கெடிலம் பாலம், முதுநகர், சிப்காட் வரைக்கும் அது சாதாரண வண்டிதான். வேகத்தடைகளில் அடி தட்டிவிடுமோ என்று பயந்து ஊர்ந்தேன். பூண்டியாங்குப்பம் தாண்டி நான்கு வழிச்சாலை வந்ததும் தம்பி சொன்னான்: "இப்ப மிதிக்கா."

மிதித்தேன். அரை நொடி ஒன்றுமில்லை. பிறகு யாரோ இருக்கையோடு சேர்த்துத் தள்ளுவது போல முதுகு அழுந்தியது. சத்தம் பெரிதாக இல்லை, தள்ளு மட்டும் விடவில்லை. அறுபதிலிருந்து நூறு, நான் "அய்யோ" என்று சொல்லி முடிப்பதற்குள். முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன என்பதால் ஸ்டீயரிங் கையில் லேசாக முறுக்கியது. நூறிலேயே நிறுத்திக்கொண்டேன். வாய் மட்டும் சிரிப்பை நிறுத்தவில்லை. முப்பது வயதைத் தாண்டிய பிறகு, எந்த வேலைக்கும் இல்லாமல், சும்மா சந்தோஷத்துக்காக வண்டி ஓட்டியது அன்றைக்குத்தான்.

"இன்ஜின் அதேதாங்க்கா. இவ்ளோ போதும்னு கம்பெனிக்காரன் எழுதி வச்சிருந்தான். நான் மாத்தி எழுதிட்டேன்" என்றான். இதைக் கேட்டதும் எனக்குள் இருக்கும் சமூகவியல் மாணவி எழுந்து உட்கார்ந்தாள். அவளை அடக்கினேன். ரீமேப்புக்கு விலை உண்டு. சூடு கூடும், கியர்பாக்ஸ் தேயும், விபத்து நடந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும். பிரேக் பழைய பிரேக்தான். தயாரித்தவர் தந்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. இதையும் அவனிடம் சொன்னேன்.

எனக்கு அடிக்கடி தேவைப்படுவது வேறொரு சட்டம். எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் திருத்தம் வந்தது, 2016 ஜனவரி 26-ல் அமலானது. அதன் 3(1)(இசட்ஏ) பிரிவு, பொது இடத்தில் நாம் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. செருப்புப் போடுவதும் புதுத்துணி உடுத்துவதும் அதே வரியில் வருகின்றன. இருபத்தொன்றாம் நூற்றாண்டில் சைக்கிளைச் சட்டத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டியிருக்கிறது.

வண்டிக்கும் நமக்குமான கதை பழையது. 1901-ல் அப்பாவைப் பார்க்கப் போன சிறுவன் அம்பேத்கருக்கு, சாதி தெரிந்ததும் மாட்டுவண்டி ஓட்ட ஆள் வரவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போனார்கள். வண்டிக்காரர் கூடவே நடந்தார். 1929-ல் சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுத்தார்கள். ஓட்டிப் பழகாத நம் ஆள் ஒருவர் ஓட்ட, பாலத்தில் விபத்தாகி அம்பேத்கரின் கால் எலும்பு முறிந்தது. அப்போது அவர் படித்துப் பட்டம் வாங்கிய வழக்கறிஞர்.

சிதம்பரத்துக்கு முன்பே சித்தி ஊருக்குத் திரும்பும் சாலை வந்தது. தம்பி, "இங்கயே நிறுத்திடுக்கா, நடந்துடலாம்" என்றான். ஒவ்வொரு முறையும் ஹைவே ஓரத்து டீக்கடையில் வண்டியை விட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் நடக்கிறானாம்.

"ஏன்டா?"

"ரோடு சரியில்லக்கா. அடி தட்டும்."

அந்தச் சாலையில் நான் பொலிரோவில் போயிருக்கிறேன். புதிதாகத் தார் போட்ட சாலை. காலனிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட்டில் வந்த தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டுவதைப் பொறுக்காத சாதிவெறி என்றது குடும்பம். அந்தச் செய்தியை நானும் படித்திருக்கிறேன், அவனும் படித்திருக்கிறான். நாங்கள் அதைப் பேசவில்லை.

"நான் ஓட்டுறேன். நீ பக்கத்துல உக்காரு" என்றேன்.

இரண்டாவது கியர், இருபது கிலோமீட்டர் வேகம். 230 குதிரைகளும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தன. பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெரியவர் கையைக் காட்டினார். கண்ணாடியை இறக்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தம்பியை அவருக்குத் தெரியும்.

"யார் வண்டிடா இது? முதலாளி வரலியா?"

தம்பிக்கும் அந்த அரை நொடி ஆனது. பிறகு, "என் வண்டிதாங்க" என்றான்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு விலகினார். அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் என்ன பிரிவு, எந்த ஸ்டேஷன், யாருக்கு முதல் போன் என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே மனசுக்குள் எழுதி முடித்திருந்தேன். இத்தனையும் நினைக்காமல் ஒரு தெருவைக் கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பொறாமை அந்தக் காரின் மேல் இல்லை, அவர்கள் மேல்தான்.

சித்தி உப்பும் மிளகாயும் எடுத்து வந்து வண்டிக்குத் திருஷ்டி சுற்றினார். காலனிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தார்கள்.

திரும்பும்போது சாவியைத் தம்பியிடம் கொடுத்தேன். அதே தெரு, அதே பெஞ்ச். ஹைவே வரும்வரை அவன் பேசவில்லை. ஏறியதும் சொன்னான்:

"ரோடு நல்லாத்தாங்க்கா இருக்கு."