வேகமும் வேளையும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. உழவனுக்கு மண் வேண்டும், நீர் வேண்டும், உழைப்பு வேண்டும். இவை எல்லாம் இருந்தும் வேளை தெரியாவிட்டால் பயனில்லை. வேளை தவறி விட்ட நாற்றும், வேளை தவறித் திறந்த மடையும் வீண்தான். ஆனால் அறிவியலின் வளர்ச்சியைப் பற்றிப் பேச வந்தால் நாம் எல்லோரும் வேகத்தையே பேசுகிறோம். எத்தனை மடங்கு வேகம் என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. இந்த ஆண்டு எங்கள் அறிவியல் மன்றத்திற்கு வந்து சேர்ந்த ஒரு சின்னஞ்சிறு கணிப்பொறி, வேகத்தோடு வேளையையும் எண்ணிப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கணிப்பொறி என்றதும் மேசை, திரை, பெட்டி, விசைப்பலகை எல்லாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஒற்றைப் பலகைக் கணிப்பொறி அப்படிப்பட்டதன்று. வங்கியில் தரும் ஏ.டி.எம். அட்டையின் அளவே உள்ள ஒரு பச்சைப் பலகை. மூளையாகிய சில்லு, நினைவகம், கம்பிகள் செருகும் துளைகள் எல்லாம் அந்த ஒரே பலகையில் அடங்கிவிடுகின்றன. ஓர் ஓரத்தில் நாற்பது சிறிய ஊசிகள் வரிசையாக நிற்கும். அந்த ஊசிகளில் விளக்கு, மணி, வெப்பமானி, மழைமானி என எதை வேண்டுமானாலும் இணைக்கலாம். இவ்வகைப் பலகைகளில் உலகப் புகழ் பெற்றது 'ராஸ்பெர்ரி பை'.

இது பிறந்த கதை சுவையானது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் படிக்க வரும் மாணவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருவதைக் கண்டு எபன் அப்டன் என்பவரும் அவர் நண்பர்களும் கவலைப்பட்டனர். பிள்ளைகள் அச்சமின்றிப் பிரித்துப் பார்க்கவும் பழகவும் ஏற்ற மலிவான கணிப்பொறி ஒன்றைச் செய்ய முனைந்தனர். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-இல் முதல் பலகை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். அதன் வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 256 மெகாபைட்.

இதில் நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்பலகையின் மூளை 'ஆர்ம்' என்னும் வகையைச் சேர்ந்தது. அதே கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கார்ன் என்ற நிறுவனத்தில் 1985-இல் அந்த வகையின் முதற் சில்லு உருவாயிற்று. ஸ்டீவ் ஃபர்பர் என்பவரோடு சேர்ந்து அதைப் படைத்து, அதன் கட்டளைத் தொகுதியை வகுத்தவர் சோஃபி வில்சன் என்ற பெண்மணி. இன்று நம் வீடுகளில் உள்ள கைபேசிகளுக்குள்ளும் ஆர்ம் வகைச் சில்லுகளே இயங்குகின்றன. 'கணக்கும் எந்திரமும் பெண் பிள்ளைகளுக்கு எதற்கு?' என்று யாரேனும் கேட்டால், அவர் கையில் உள்ள கைபேசியையே நாம் விடையாகக் காட்டலாம்!

நிற்க. எங்கள் மன்றத்தில் முன்பே 2019-இல் வெளிவந்த நான்காம் தலைமுறைப் பலகை ஒன்று இருந்தது. பழைய மாணவியர் சங்கத்தின் அன்பளிப்பாக இந்த ஆண்டு ஐந்தாம் தலைமுறைப் பலகை வந்தது. இது 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி அறிவியல் சிஸ்டர் எங்களிடம் சொன்னார்கள். அளவு ஒன்றே, ஊசிகள் அதே நாற்பது. உள்ளேயோ பெரிய மாற்றங்கள்!

முதல் மாற்றம் வேகம். இரண்டிலும் நான்கு கருக்கள் உண்டு. பழையதில் அவை 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடின, புதியதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகின்றன. கருக்களின் அமைப்பும் மேம்பட்டிருப்பதால் மொத்தத்தில் இரண்டு முதல் மூன்று மடங்கு வேலை நடக்கும் என்கின்றனர் தயாரிப்பாளர்கள். வரைபடம் ஒன்றைத் திறந்தபோது அந்த வேறுபாட்டை நாங்கள் கண்ணாலேயே கண்டோம்.

இரண்டாவது, 'ஆர்.பி.1' என்னும் தனிச் சில்லு. ஒரு பண்ணையை எண்ணிப் பாருங்கள். வாசலில் வருகிறவரை விசாரிப்பது, மூட்டை எண்ணுவது, கூலி அளப்பது என எல்லாவற்றையும் பண்ணையாரே பார்த்தால் அவருக்குக் கணக்குப் பார்க்க நேரம் ஏது? ஒரு நல்ல காரியஸ்தரை வைத்துவிட்டால் அவர் வாசலைப் பார்த்துக்கொள்வார். ஆர்.பி.1 அப்படிப்பட்ட காரியஸ்தர். ஊசிகள், யு.எஸ்.பி. துளைகள், ஒளிப்படக் கருவி ஆகியவற்றின் போக்குவரத்தை அது கவனிக்கிறது. ராஸ்பெர்ரி பை நிறுவனத்தாரே வடிவமைத்த சில்லு அது.

மூன்றாவது, வேகமான சேமிப்பு வட்டை இணைப்பதற்கு ஒரு தனி வழி. பழைய பலகையில் பெரும்பாலும் விரல் நகம் அளவுள்ள நினைவக அட்டையிலேயே எல்லாம் எழுதப்படும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அட்டை கெட்டுப்போகவும் கூடும்.

நான்காவது, ஒரு பொத்தான். பழைய பலகையில் நிறுத்தும் பொத்தானே இல்லை. புதியதில் அதை அழுத்தினால் கோப்புகளை ஒழுங்காக மூடிவிட்டு உறங்கும். மீண்டும் அழுத்தினால் விழிக்கும்.

ஐந்தாவதாகச் சொல்லப்போவதுதான் என் உள்ளத்தைக் கவர்ந்தது. புதிய பலகைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. சிறு மின்கலத்தைத் தனியே வாங்கி இணைத்துவிட்டால், மின்சாரம் இல்லாத போதும் அது நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கும்.

'கணிப்பொறிக்குள் கடிகாரம் இல்லாமலா இருக்கும்?' என்று நீங்கள் வியக்கலாம். நாங்களும் வியந்தோம். விலை ஏறாமல் இருக்க அதை முந்தைய பலகைகளில் சேர்க்கவில்லை. இணையம் இருந்தால் அங்கிருந்து சரியான நேரத்தைப் பெற்றுக்கொள்ளும். இணையம் இல்லையென்றால், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். சிஸ்டர் இதைச் செய்தே காட்டினார்கள். மதிய உணவு மணி அடித்ததும் இரண்டு பலகைகளையும் நிறுத்தி, இணையத்தையும் துண்டித்தார்கள். உணவு முடிந்து வந்து இயக்கியபோது புதிய பலகை சரியான நேரத்தைக் காட்டியது. பழையதற்கோ நாங்கள் இன்னும் உணவு அருந்தவே போகவில்லை! வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்போடு எங்கள் ஊரின் நினைவும் வந்தது.

என் ஊர் குரும்பகரம். காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதி. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் இருக்கிறது. எங்களுக்கு வெயிலில் நீர் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் நீர் வடியாது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது எனக்கு எட்டு வயது. மரங்கள் விழுந்ததும், விளக்கில்லாமல் பல இரவுகளைக் கழித்ததும் இன்னும் மறக்கவில்லை. பெருமழை வந்தால் எங்கள் ஊரில் முதலில் மின்சாரம் போகும். பிறகு கைபேசிக் கோபுரம் அடங்கும். இணையத்திடம் நேரம் கேட்கும் கணிப்பொறி அப்போது யாரிடம் கேட்கும்?

எங்கள் தாத்தாவுக்கு ஆறு மா நிலம். அதாவது இரண்டு ஏக்கர். ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர் சேரும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அந்தக் கணக்கில் தாத்தாவின் வயலில் ஒரு மில்லிமீட்டருக்கு எட்டாயிரம் லிட்டர்! நட்டுச் சில நாளே ஆன சம்பாப் பயிர் நீரில் மூழ்கிக் கிடந்தால் அழுகிப்போகும். சரி, உடனே மடையைத் திறந்துவிடலாமே என்றால், வடிகால் நிரம்பி ஓடும் வேளையில் திறந்தால் வெளிநீர் வயலுக்குள் ஏறிவிடும். ஆகையால் மழை எவ்வளவு பெய்தது என்பதோடு, எப்போது வலுத்தது, எப்போது விட்டது என்பதும் தெரிய வேண்டும். எழுபது வயதில் நள்ளிரவில் மண்வெட்டியும் விளக்குமாக வரப்பில் நடக்கும் தாத்தாவை நினைத்து அம்மாவும் நானும் தூங்காமல் கிடந்த இரவுகள் பல.

சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். புதிய பலகை ஆய்வுக்கூடத்திலேயே இருக்க, பழையதை ஒரு மழைமானியோடு எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி தந்தார்கள். அந்த மழைமானிக்குள் ஏற்றமரம் போல ஆடும் இரு சிறு கிண்ணங்கள் உண்டு. ஒரு கிண்ணம் நிறைந்ததும் சாயும். மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் 0.2 மில்லிமீட்டர். ஐந்து முறை சாய்ந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை. சாயும்போதெல்லாம் ஒரு காந்தம் மின்சுற்றை மூடித் திறக்க, பலகை அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

புதிய பலகையையே கேட்டிருக்கலாமே என்று தோழியர் சிலர் கேட்டனர். யோசித்துப் பார்த்தேன். வேகம் கூடினால் செலவும் கூடுகிறது. புதியது நன்கு உழைக்க 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் மின்வழங்கி வேண்டும். பழையதற்கு 3 ஆம்பியர் போதும். புதியது விரைவில் சூடாவதால் விசிறி வைப்பது நல்லது. நினைவகம் 4 கிகாபைட் உள்ள புதிய பலகையின் அறிமுக விலையே 60 டாலர். ஊசிகளை இப்போது காரியஸ்தர் கவனிப்பதால், பழைய பலகைக்கு எழுதிய சில நிரல்கள் புதியதில் ஓடுவதில்லை. மாற்றி எழுத வேண்டும். கிண்ணம் சாய்வதை எண்ணுவதற்கு மூன்று மடங்கு வேகம் எதற்கு? எங்களுக்கு வேண்டியது அந்தக் கடிகாரம் ஒன்றே. அதையோ தனியாகவே வாங்கலாம். 'டி.எஸ். 3231' என்ற கடிகாரச் சில்லு, காசு போன்ற மின்கலத்தோடு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. நான்கே கம்பிகளால் அதைப் பழைய பலகையோடு இணைத்தோம்.

கார்த்திகையில் ஓரிரவு மழை கொட்டியது. மின்சாரம் போயிற்று. துணைக்கு வைத்திருந்த மின்கலம் நள்ளிரவு தாண்டித் தீர்ந்தது. விடியுமுன் மின்சாரம் வந்தது; கோபுரம் வரவில்லை. தாத்தா கேட்டார்: "ஏ புள்ள, ஒன் பொட்டி என்ன சொல்லுது? மழ எப்ப வுட்டுச்சு?"

பதிவைப் பார்த்தேன். 1.50 வரை 38 மில்லிமீட்டர். பிறகு 5.35 வரை ஒன்றுமில்லை; அந்நேரம் பலகை நின்றிருந்தது. 5.35-க்குப் பிறகு மூன்றே சாய்வுகள். கடிகாரம் இல்லாதிருந்தால் அந்த இடைவெளியே எனக்குத் தெரிந்திராது. இரண்டு மணி மழையும் விடியற்காலைத் தூறலும் ஒட்டிப்போய் ஒரே கதையாகியிருக்கும். தாத்தா முற்றத்தில் வைத்திருந்த நேர்ச்சுவர்த் தகரக் குவளையில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 61 மில்லிமீட்டர். அப்படியானால் பலகை உறங்கிய வேளையில் பெய்தது ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். இப்போது மழை ஓய்ந்துவிட்டது. வயலில் பெய்த நீர் மொத்தம் ஐந்து இலட்சம் லிட்டருக்குச் சற்றுக் குறைவு! வெளிச்சம் வந்த பிறகு தாத்தா போனார். வடிகால் இறங்கத் தொடங்கியதைப் பார்த்து மடையை வெட்டிவிட்டார். பயிரின் நுனி மூழ்கவில்லை.

திரும்பி வந்தவர், "தெரியாத நேரத்தத் தெரியாதுன்னு காலியா வுட்டுருக்கு பாரு, அதான் ஒழுங்கான கணக்கு" என்றார். எந்த விளம்பரத்திலும் நான் படித்திராத பாராட்டு அது! தவறான நேரம் எழுதிய ஏட்டைவிட, வெற்றிடம் விட்ட ஏடு மேலானது என்பதை அன்று அறிந்தேன்.

அன்புத் தோழியரே! இத்தகைய சில்லுகளும் பலகைகளும் எங்கோ அயல்நாட்டில் மட்டும் பிறப்பவை என்று எண்ண வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற பெயரில் நம் நாட்டுச் சில்லுகளை வடிவமைத்து வருகிறார்கள். இஸ்ரோவுடன் இணைந்து, விண்வெளிப் பணிக்கான 'ஐரிஸ்' என்ற சில்லை 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அது சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. அதற்குரிய பலகையில் பாகங்களைப் பொருத்தியது சென்னையில். எங்கள் காரைக்காலிலேயே திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. குரும்பகரத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவுதான்.

நம்மில் ஒருத்தி நாளை ஒரு பலகையை வடிவமைக்கக் கூடும். அப்போது அவள் வேகத்தைக் கூட்டட்டும். வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் விலையைக் குறைப்பதற்காக எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவு செய்யும் நேரம் வரும்போது, மின்சாரமும் கோபுரமும் அடங்கிவிட்ட ஒரு கடைமடைக் கிராமத்தை அவள் நினைத்துப் பார்க்கட்டும். அந்த இருட்டில் ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு வயல் பிழைக்கும், ஒரு முதியவர் விடியும்வரை வீட்டில் இருப்பார். அத்தகைய அறிவியல் வளர்க! அதை வளர்க்கும் மாணவியராக நாம் உயர்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி, குரும்பகரம்