அடத்தில் இருக்கும் அறிவு

கார்த்திகை தீபம் நெருங்கினால் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தையோடு குதிரைச் சந்தையும் கூடிவிடும். ரமணாசிரமம் பக்கம் குடியிருக்கும் எனக்கு, ஊர் நெரிசலாவதற்கு முன்பே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். வாங்க வந்தவர் முதலில் குதிரையின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார். வயது அதில் தெரிந்துவிடும். பிறகு நெற்றியிலும் கழுத்திலும் சுழி பார்ப்பார். அப்புறம் காலை மடக்கித் தூக்கி, குளம்பின் அடியை விரலால் தட்டிப் பார்ப்பார். கடைசியில் ஓட்டிக் காட்டச் சொல்வார். பிடரி பறக்க அது ஓடும்போது, வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள்கூட நின்றுவிடுவார்கள். கோவேறு கழுதை அங்கே விலைக்கு நின்று நான் பார்த்ததில்லை.

குதிரையின் பெருமைக்கு இந்த ஊரில் குறைவே கிடையாது. தீபத் திருவிழாவின் எட்டாம் நாள் குதிரை வாகனம். கிரிவலப் பாதையில் அடிஅண்ணாமலையில் கோயில் கொண்டிருக்கும் மாணிக்கவாசகரோ பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்டவர். கோவேறு கழுதைக்கு வாகனமும் இல்லை, புராணமும் இல்லை.

இத்தனைக்கும் அது நம் முன்னோர் ஏறிப் பழகிய விலங்குதான். சிலப்பதிகாரத்தில் கோவலன் மாதவியோடு கடலாடப் போனது அத்திரியின் மேல், அதாவது கோவேறு கழுதையின் மேல். நற்றிணையில் நெய்தல் நிலத் தலைவனின் அத்திரி கழிச்சேற்றில் நடந்து வருகிறது. அதன் குளம்பில் இறால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தக் குளம்புதான் என்று நினைக்கிறேன். குதிரைக் குளம்பைவிடக் குறுகலானது, கெட்டியானது. வழுக்கும் இடத்தில் பார்த்து ஊன்றி நடக்கும்.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, இதற்கு 63. அந்த ஒற்றைப்படைக் கணக்கால் மிக அபூர்வமாகத் தவிர இதற்கு வாரிசு இல்லை. தாயிடமிருந்து உடற்கட்டும் பலமும், தகப்பனிடமிருந்து காதும் குளம்பும் சிக்கனமும் வந்திருக்கின்றன. சுமாரான தீவனத்தில் காலம் தள்ளும், வெயில் தாங்கும், குதிரையைவிடப் பெரும்பாலும் நீண்ட நாள் உழைக்கும். ஓட்டத்துக்கும், சவாரி செய்பவரின் சின்ன அசைவுக்கும் உடனே இணங்கும் பழக்கத்துக்கும் குதிரைதான். சமதரையில் அதை வெல்ல முடியாது. ஒருபக்கம் பள்ளமும் மறுபக்கம் பாறையுமான ஒற்றையடிப் பாதையில் முதுகில் பொதியோடு ஏற வேண்டுமென்றால் கோவேறு கழுதையே மேல்.

முன்பு இங்கே ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "குதிரை சொன்னா கேட்கும் சாமி. கோவேறு கழுதை, தனக்குத் தோணினாத்தான் கேட்கும்." குறையாகத்தான் சொன்னார். எனக்கு அது குறையாகப் படவில்லை. குதிரை மிரண்டால் ஓடும். கழுதை நின்று யோசிக்கும். கோவேறு கழுதைக்கு வந்திருப்பது தகப்பனின் நிதானம். தாங்காத பாரத்தையும் உறுதியில்லாத பாலத்தையும் அது மறுக்கும். தானியப் பானை திறந்து கிடந்தால் குதிரை வயிறு கெடும்வரை தின்றுவிடும். இது பெரும்பாலும் போதுமென்று நிறுத்திக்கொள்ளும். விரட்டினால் குதிரை விழும்வரை ஓடும். கடல் வழியே பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்த குதிரைகள், பராமரிக்கத் தெரியாததால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் மடிந்தன என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மறுக்கத் தெரியாத உயிர், எசமானன் அறியாமைக்கும் சேர்த்து விலை கொடுக்கிறது.

ஆனால் மறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கேதார்நாத் மலைப்பாதையில் 2022 யாத்திரைக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இறந்தன. களைத்து நின்றவற்றைத் தடியால் அடித்து நடத்தினார்கள். நம் நாட்டில் இதற்கு விதிகள் இல்லாமலில்லை. 1965-ஆம் ஆண்டின் விதிகளின்படி மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ, அதுவே சுமையின் உச்சவரம்பு. நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வேலையே கூடாது. சித்திரை வெயிலில் திருவண்ணாமலைத் தெருக்களில் நடந்தவர்களுக்கு அந்த எண்ணின் அருமை புரியும்.

ரமணாசிரமத்துக்குள் பசு லட்சுமி, மான் வள்ளி, ஒரு காகம், நாய் ஜாக்கி ஆகியவற்றின் சமாதிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பகவான் ரமணர் விலங்குகளை 'அது' என்று சொல்லமாட்டார். 'அவன்', 'அவள்' என்றுதான் சொல்வார். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், எந்த விலங்கு உயர்ந்தது என்று நாம் கேட்கும் கேள்வியே சரிதானா என்று தோன்றும். எது நமக்கு அதிகம் அடங்குகிறது என்பதைத்தானே அப்படிக் கேட்கிறோம்? அடங்குவதைக் குணமென்றும் மறுப்பதை அடமென்றும் பெயர் வைத்தது சவாரி செய்கிறவன்தான்.

2025 ஜனவரியில் புனேயில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில் நான்கு கால் இயந்திரங்கள் நடந்து போயின. பனிமலையில் கோவேறு கழுதை சுமந்ததை இனி அவையும் சுமக்கும். அது நல்ல செய்தி. சிறுமலை போன்ற நம் மலைகளிலும் சாலை எட்டிய இடமெல்லாம் பொதிக்குதிரைகளின் பாரம் குறைந்திருக்கிறது; சந்தோஷம்தான். ஆனால் யாத்திரைப் பாதைகளில் இன்னும் பல்லாயிரம் முதுகுகள் நம்மைச் சுமக்கின்றன. ஏறுவதற்கு முன் சேணத்தைத் தூக்கச் சொல்லிப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது என்று கேளுங்கள். நடுவழியில் அது நின்றுவிட்டால், தடியை ஓங்கவிடாமல் இறங்கிக்கொள்ளுங்கள். போதும் என்று சொல்ல அதற்கு இருப்பது அந்த ஒரு வழிதான்.