பாலத்துக்கு இந்தப் பக்கம்

காஞ்சிபுரத்தில் வந்தவாசி பஸ் ஏறி "செவிலிமேடு ஒண்ணு" என்று கேட்டால், நடத்துநர் "பாலத்தாண்டயா?" என்று திருப்பிக் கேட்பார். இப்போதெல்லாம் பாலாற்றுப் பாலம்தான் எங்கள் ஊருக்கு முகவரி. பாலத்தைக் கடந்து கொஞ்ச தூரம் போனால் தூசி. அது திருவண்ணாமலை மாவட்டம். ஆக, நாங்கள் எல்லைக்காரர்கள். காஞ்சி நகரத்தார் கண்ணுக்கு நாங்கள் ஆற்றோரம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்தார் கண்ணுக்கு நாங்கள் டவுன்.

பேரூராட்சியாக இருந்த ஊர் 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியில் சேர்ந்தது. 2021இல் நகராட்சி மாநகராட்சியானது. நிர்வாக வரலாறு அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு வந்தவர்களிலேயே பெரியவர் இராமானுஜர். குரு யாதவப்பிரகாசரோடு காசி யாத்திரை போனவரைக் கங்கையில் தள்ளிவிடத் திட்டம் நடந்ததையும், தம்பி முறையான கோவிந்தர் எச்சரித்ததையும், விந்தியக் காட்டில் இராமானுஜர் தனியே பிரிந்து தவித்ததையும் குருபரம்பரைக் கதை கேட்டவர்கள் அறிவார்கள். அங்கே ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாகச் சேர்ந்துகொண்டார்கள். இரவு படுத்து விடியலில் எழுந்தபோது வேடுவச்சிக்குத் தாகம். பக்கத்துக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். மறுபடி மொண்டு வந்தால் ஆளையே காணோம். விசாரித்தால் இது காஞ்சி என்கிறார்கள், எதிரே வரதராஜப் பெருமாள் கோயில் விமானம் தெரிகிறது. அந்தக் கிணறுதான் சாலைக் கிணறு. அதன்பிறகு பெருமாளின் அடியார் திருக்கச்சி நம்பியின் சொற்படி, நாள்தோறும் இங்கிருந்து தீர்த்தம் சுமந்துபோய்ப் பெருமாளுக்குச் சேர்ப்பதையே அவர் கைங்கரியமாக வைத்துக்கொண்டார் என்பது சம்பிரதாயம். வைகுண்ட ஏகாதசி முடிந்து சில நாளில் நடக்கும் அனுஷ்டான குள உற்சவத்துக்கு வரதர் இங்கே எழுந்தருளுவார். பின்னாளில் வைணவத்தையே கட்டி ஆண்டவர், எங்கள் ஊரில் வெறும் தண்ணி சுமந்த ஆள். அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

என் தாத்தாவும் வந்தேறிதான். வெம்பாக்கம் பக்கத்து மானாவாரி நிலம் சோறு போடாததால், பாலாற்று மணலில் நடந்து இக்கரை வந்து தறியில் கூலிக்கு உட்கார்ந்தவர். இங்கே ஐந்து வீட்டில் மூன்று வீட்டுக்காவது இப்படி ஒரு கதை இருக்கும்.

எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. தரையில் இடுப்பளவு குழி. அதில் கால் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிக்க வேண்டும். பெங்களூர் பக்கத்துப் பட்டு, சூரத் ஜரிகை. விடியலில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். அந்த நேரத்தில் சைக்கிள்காரன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். பாட்டி ராட்டையில் தார் சுற்றுவாள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா என மூன்று ஓடும். அரக்கு உடலும் கிளிப்பச்சைக் கரையும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். அதுதான் கோர்வை. அதற்குத் தாத்தாவுக்கு இடப்பக்கம் இன்னோர் ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் போகும் முன்பும் வந்த பின்பும் அந்த ஆள் நான். இன்றைக்கு அதற்குச் சட்டத்தில் வேறு பெயர். அதுவும் நியாயம்தான்.

முந்தானைக்கு வேறு நிறம் என்றால் பிட்னி. பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுநிற இழையை ஒட்ட வைக்க வேண்டும். தாத்தா விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரே திருகலில் இணைத்துவிட்டு அடுத்த இழைக்குப் போவார். ஆயிரக்கணக்கான இழைகள். கண் தறியில் இருக்காது, வாய் அரசியல் பேசிக்கொண்டிருக்கும். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அண்ணாவிடம் வந்து நிற்கும்.

1909 செப்டம்பர் 15இல் காஞ்சியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. 'தொத்தா' என்று அவர் கூப்பிட்ட இராசாமணி அம்மாள்தான் வளர்த்தார். பச்சையப்பன் பள்ளியில் படித்துவிட்டு, வறுமையால் இங்கேயே நகராட்சியில் சில காலம் எழுத்தர் வேலை பார்த்தார். அதை உதறிவிட்டுச் சென்னைக்குப் போய்க் கல்லூரியில் சேர்ந்தார். 1942இல் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கியதும் காஞ்சியிலிருந்துதான். 1949இல் தி.மு.க. என்று தனிக் கட்சி கண்டார். கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்த 1950களின் தொடக்கத்தில், அவரும் கட்சிக்காரர்களும் துணி மூட்டையைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாகக் கூவி விற்றார்கள். எங்கள் தாத்தாவைக் கட்டிப்போட்டது அவருடைய அடுக்குமொழி அல்ல, அந்த மூட்டைதான்.

1957இல் காஞ்சிபுரம் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. கட்சிக்கு அப்போது 15 இடம். 1962இல் கட்சி 50 இடங்களைப் பிடித்தது, ஆனால் அண்ணா சொந்த ஊரில் காங்கிரஸின் நடேச முதலியாரிடம் தோற்றார். பஸ் முதலாளியிடம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை தோற்றதை எங்கள் தெரு வெகுநாள் ஜீரணிக்கவில்லை. ஒருநாள் கேட்டேன்: "தாத்தா, அப்போ நம்ம ஊரு ஜனங்க ஓட்டுப் போடலியா?" நாடாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "போட்டுதுங்கடா கண்ணு. நாடு பூரா சூரியன் உதிச்சிது, நம்ம வூட்ல மட்டும் கிரகணம்."

1967 மார்ச் 6இல் அண்ணா முதலமைச்சரானார். அந்தத் தேர்தலில் அவர் நின்றது தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில். பிறகு மேலவை வழியாக வந்தார். காஞ்சியை அவர் மறுபடி நம்பவில்லை என்று தாத்தாவுக்குக் கடைசிவரை ஒரு குறை. 1967 ஜூலை 18இல் பெயர்மாற்றத் தீர்மானம் நிறைவேறி, 1969 ஜனவரி 14இல் 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3இல் அவர் போய்விட்டார். தன் மாநிலத்தைத் தான் வைத்த பெயரால் அழைக்க அவருக்குக் கிடைத்தது இருபது நாள்.

தறிக்கு மேலே மாட்டிய அண்ணா படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கீழே தறி இல்லை.

தெருவில் பாவு விரிப்பதைப் பார்த்து வருஷமாகிறது. பையன்கள் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், யாரைக் குறை சொல்ல? ஆனால் விசைத்தறிப் புடவையைக் கையில் கொடுத்து 'அசல் காஞ்சிப் பட்டு' என்று தலையில் கட்டுகிறவனையும், கோயில் வாசலில் வழிமறித்துக் கமிஷன் கடைக்கு இழுத்துப்போகிறவனையும் நிச்சயம் குறை சொல்லலாம். 2005இல் புவிசார் குறியீடு வாங்கினோம். அந்த முத்திரை எப்படி இருக்கும் என்று கேட்டு வாங்குகிற ஒருத்தரை நான் பார்த்ததில்லை. ஆற்றில் மணலைச் சுரண்டித் தின்றாயிற்று, மிச்சம் சீமைக்கருவேலம். 2021 நவம்பரில் பாலாறு இருகரை புரண்டபோது, நீர் ஓடுவதைப் பார்க்கப் பாலத்தில் கூட்டம் கூடியது. ஆற்றில் தண்ணீர் ஓடுவது திருவிழாவாகிவிட்டது!

எல்லாவற்றையும்விட என் வயிற்றெரிச்சல் ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் தெரு ஏறுகிறது, வீடு இறங்குகிறது. மூன்று படி ஏறிப் போன திண்ணை வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்க வேண்டும். மழைத்தண்ணி நேரே உள்ளே வந்து, வீட்டிலேயே தாழ்ந்த இடமான தறிக்குழியில் நிற்கும். ஈரக் குழியில் பாவு இழுக்காது, ஜரிகை கருக்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் கூலி கிடையாது.

போன மழைக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் வீட்டில் எட்டிப் பார்த்தேன். எங்கள் தெருவில் மிச்சமிருக்கும் ஒரே குழித்தறி அவருடையது. குழிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று பிளாஸ்டிக் குடத்தால் மொண்டு மொண்டு மேலே கொடுக்க, அண்ணி வாங்கி வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நாப்பது குடம் எண்ணினேன் தம்பி," என்றார் அண்ணன். "அப்புறம் எண்றத வுட்டுட்டேன்."