100 வெள்ளி நோட்டில் ஒரு மலை

2012-இல் புதிய 100 வெள்ளி நோட்டு வெளிவந்த சில மாதங்களில்தான் எனக்கு வானொலியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் ஒரு நோட்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த மலைம்மா?" என்று கேட்டார்.

"கினபாலுப்பா. சபாவுல இருக்கு."

அப்பா 30 வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். பாடாங் புசார் முதல் ஜொகூர் பாரு வரை அவர் பசியாறாத ஊர் கிடையாது. "அங்க மட்டும்தான் போனதில்ல. லாரி கடல் தாண்டாதே" என்று சிரித்தார். அந்த நோட்டை அவர் செலவழிக்கவே இல்லை. இன்னும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

போன மாதம் வேலையிடத்துத் தோழிகள் மூவர், அடுத்த மார்ச்சில் கினபாலு ஏறலாம் என்றார்கள். தயங்காமல் சரி என்றேன். காலை நிகழ்ச்சி செய்பவளுக்கு நடுராத்திரி எழுவது ஒரு பொருட்டில்லை. மற்றதெல்லாம்தான் பொருட்டு என்பது திட்டம் போட உட்கார்ந்த பிறகு தெரிந்தது.

கினபாலு நினைத்த நாளில் போய் ஏறிவிடக்கூடிய மலை அல்ல. அனுமதிச் சீட்டு, பூங்கா அங்கீகரித்த வழிகாட்டி, பானலாபான் தங்குமிடத்தில் ஒரு படுக்கை, இந்த மூன்றும் இருந்தால்தான் உச்சிக்குப் போகலாம். படுக்கைகள் குறைவு. அதனால் பல மாதங்களுக்கு முன்பே பிடித்து வைக்க வேண்டும். முதல் நாள் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கும் திம்போஹோன் வாசலில் புறப்பட்டு, 6 கிலோமீட்டர் ஏறி, 3,272 மீட்டரில் இருக்கும் பானலாபானில் தங்க வேண்டும். 6 கிலோமீட்டர்தானே, தித்திவங்சா பூங்காவைச் சில சுற்று சுற்றினால் போச்சு என்று நினைத்தேன். பிறகு உயரக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரட்டைக் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முறை அடுக்கினாலும் அந்த உயரம் முழுதாக வராது. அதுவும் முதல் நாளுக்கு மட்டும்.

மறுநாள் விடியற்காலை 2.30 மணிவாக்கில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு மீதி 2.7 கிலோமீட்டர். மரமெல்லாம் முடிந்து வெறும் கருங்கல் பாறை. சில இடங்களில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். நடுவில் சாயாட் சாயாட் என்றொரு சோதனைச் சாவடி. குறித்த நேரத்துக்குள் அதைத் தாண்டாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாண்டினால், 4,095 மீட்டரில் லோவ் சிகரத்தில் சூரிய உதயம்.

இதையெல்லாம் நான் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார். படங்களைப் பார்த்தார். "நானும் வரேன்" என்றார்.

அப்பாவுக்கு 67 வயது. இரண்டு வருடத்துக்கு முன் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "டாக்டரிடம் கேட்போம்ப்பா" என்று சொல்லியிருக்கலாம். "பயமா இருக்குப்பா" என்றாவது சொல்லியிருக்கலாம். தினமும் காலையில் மைக்குக்கு முன்னால் வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு அன்று வந்தது ஒரு பொய்தான்.

"இடம் எல்லாம் முடிஞ்சிருச்சுப்பா. நாலு பேருக்குத்தான் கிடைச்சுது."

அப்பா தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த ஞாயிறு அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு 12 வயது. என் மடிக்கணினியில் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்து, "தாத்தா, இன்னும் ரெண்டு இடம் இருக்கு தாத்தா!" என்று கூவினான். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினார்.

அம்மாவுக்கு இது வேறு கவலையைக் கிளப்பிவிட்டது. "அந்த நிலநடுக்கத்த மறந்துட்டியா?" என்றார். மறக்கவில்லை. 2015 ஜூன் 5, வெள்ளிக்கிழமை, காலை 7.15. எங்கள் காலை நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்த நேரம். ரானாவில் 6.0 ரிக்டர் என்று முதலில் ஒரு வரிதான் வந்தது. அடுத்தடுத்த நாட்களில் செய்திக்குச் செய்தி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் 18 பேர் என்றானது. சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், அவர்களுடைய ஆசிரியர்கள், அவர்களைக் காக்கப் போன சபா வழிகாட்டிகள். கழுதைக் காது என்று பெயர் பெற்ற சிகரத்தில் ஒரு காது அன்று உடைந்து விழுந்தது. அதைச் சொல்லும்போது அம்மா தன் காதையே தொட்டுக்கொண்டார்.

அம்மாவைச் சமாதானப்படுத்த, கடசான்டுசுன் மக்கள் அந்த மலையை முன்னோரின் ஆவிகள் தங்கும் இடமாக மதிக்கிறார்கள் என்று சொன்னேன். "அப்ப செருப்பக் கழட்டிட்டுத்தான் ஏறணும்" என்றார். சமாதானம் ஆகவில்லை. ஆனால் அந்த மலைமீது ஒரு மரியாதை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு விடியற்காலை பத்துமலைக்குப் புறப்பட்டேன். படியேறிப் பழகத்தான். கதவைத் திறந்தால் அப்பா காலணி மாட்டிக்கொண்டு காடி பக்கத்தில் நிற்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. வானொலி மட்டும் பேசியது. நல்லவேளை, அன்று என் நிகழ்ச்சி இல்லை.

272 படி. அப்பா கைப்பிடியைப் பிடித்து நிதானமாக ஏறினார். பாதியில் நின்றார். பிறகு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். முகம் வேர்த்திருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "நெஞ்சு வலிக்குதாப்பா?" என்றேன். இல்லை என்று கை காட்டினார். ஒரு குரங்கு வந்து எங்கள் தண்ணீர்ப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா அதை விரட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"என்னால ஏற முடியாதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? முடியாதுன்னு நான் சொல்லியிருப்பேன். நீ சொல்லிட்ட. அதுவும் பொய் சொல்லி."

பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே போகவில்லை. இறங்கி வந்து, கீழே கடையில் தோசை சாப்பிட்டோம். என் தட்டிலிருந்த வடையை எடுத்து அவர் தின்ற பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

அந்த வாரமே டாக்டரைப் பார்த்தோம். உச்சிக்கு ஏறவே கூடாது, அடிவாரத்தில் தங்கி மெதுவாக நடக்கலாம், மருந்தைத் தவறவிடக் கூடாது என்றார். அப்பாவே எல்லாக் கேள்வியையும் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது திட்டம் மாறிவிட்டது. இந்த முறை அதை விரித்துப் பார்ப்பவர் அப்பா. அவரும் அம்மாவும் குண்டாசாங்கில் தங்குகிறார்கள். கோத்தா கினபாலுவிலிருந்து காடியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கினபாலுவை முழுசாகப் பார்க்க விடியற்காலைதான் நல்ல நேரம். பொழுது ஏற ஏற மேகம் மூடிவிடும். லாரி ஓட்டிய காலத்திலிருந்தே 5 மணிக்கு எழுகிறவருக்கு இதில் சிரமமில்லை. தீபகற்பத்திலிருந்து போகிறவர்களுக்குச் சபாவில் குடிநுழைவுச் சோதனை உண்டு, ஐசி கையில் இருக்க வேண்டும் என்றேன். "நம்ம நாட்டுக்குள்ளேயே குடிநுழைவா?" என்று அம்மா இன்னும் நம்பாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

குண்டாசாங்கில் இன்னோர் இடமும் அப்பாவின் பட்டியலில் ஏறியிருக்கிறது. போர் நினைவுத் தோட்டம். ஜப்பான்காரன் காலத்தில் சண்டாக்கானிலிருந்து ரானாவுக்குக் காட்டு வழியே நடத்திச் செல்லப்பட்ட ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க் கைதிகளுக்காக எழுப்பப்பட்டது. சண்டாக்கான் முகாமில் இருந்த 2,400-க்கும் மேற்பட்டவர்களில் போர் முடியும்போது உயிரோடு இருந்தவர்கள் 6 பேர். இதை வாசித்துக் காட்டியபோது அப்பா வெகுநேரம் பேசவில்லை. அவருடைய பெரியப்பா தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பி வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. "அந்தத் தோட்டத்துல ஒரு பூ வச்சிட்டு வரேன்" என்றார் அப்பா. மலையேறுகிற எங்கள் நால்வரின் திட்டத்தில் இப்படி ஓர் இடம் இருந்ததே இல்லை.

நேற்று இரவு படுக்கைகளுக்குப் பணம் கட்டினேன். நான்கு படுக்கை மேலே, அறை ஒன்று கீழே. அப்பா சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து அந்த 100 வெள்ளியை எடுத்து வந்தார். பணம் கொடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, வேண்டாம்ப்பா என்றேன்.

"யார் கொடுக்கறா? இத அங்க கொண்டுபோய் மலைக்கு நேரா வச்சுப் பாக்கணும். சரியாத்தான் வரைஞ்சிருக்கானான்னு" என்று சொல்லி நோட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீ எத்தன மணிக்கு உச்சிக்குப் போய்ச் சேருவ?" என்று கேட்டார்.

"ஆறு மணிக்குள்ளப்பா."

"அப்ப நான் அஞ்சரைக்கே வெளிய வந்து உக்காந்துக்கறேன்" என்றார். அம்மா உள்ளிருந்து, "குளிர்சட்ட வாங்கணும், ஞாயித்துக்கிழம கடைக்குப் போவோம்" என்று குரல் கொடுத்தார்.