மெஷின் பூஜ்யம் காட்டியது, ஸ்டியரிங் நடுங்கியது

கொஞ்சம் நீளமான பதிவு. வண்டியில் பழைய அலாய் வீல் மாட்டியிருப்பவர்கள், மாட்ட நினைப்பவர்கள் மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

என் தார் ஜீப்பை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கீரமங்கலம் தென்னந்தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனதே, அதற்கு அடுத்த வருடம் பழைய வண்டியாக வாங்கியது. தோப்புச் சேற்றில் இறங்கி ஏற அதுதான் தோது. இரும்பு டிஸ்க்கெல்லாம் துருவேறிவிட்டது என்று மாப்பிள்ளை திருச்சியில் நான்கு பழைய அலாய் வீல் பார்த்து வாங்கிவந்தார். ஐந்து ஓட்டை. நேர் எதிரே ஓட்டை இல்லாததால் ஓட்டை வட்டத்தின் விட்டத்தை நேரடியாக அளக்க வராது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே அளந்து 1.7ஆல் பெருக்க வேண்டும். 82 மில்லிமீட்டர் வந்தது. அப்படியானால் விட்டம் ஏறக்குறைய 139.7, நம் வண்டிக்கு உரிய அளவுதான். அளந்தது நான், சரி என்று சொன்னதும் நான். மாட்டிவிட்டோம்.

மறுநாளே 65 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. 80இல் கை மரத்துப்போகும். 95ஐத் தாண்டினால் குறைந்துவிடும். வீட்டில் அவர்கள், "சக்கரம் ஏதும் கழலுதோ, பாருங்க" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இருக்கிற வாத்தியார் குணத்தில் அங்கேயே ஒரு பாடம் எடுத்தேன். 80 வேகத்தில் இந்த டயர் வினாடிக்கு ஒன்பதரைச் சுற்றுச் சுற்றுகிறது. ரிம் விளிம்பில் ஒரு பக்கம் 50 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அது ஒவ்வொரு சுற்றிலும் மூன்றரை கிலோவுக்கு மேலான விசையோடு சக்கரத்தை இழுக்கும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. ஆகவே பேலன்ஸ் கோளாறு, வேறொன்றுமில்லை.

பேலன்சிங் போட்டோம். மெஷின் நான்கு சக்கரத்துக்கும் பூஜ்யம் காட்டியது. நடுக்கம் பாதியாகக் குறைந்தது. மீதியை டயர் தேய்மானத்தின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிட்டேன். பத்து நாளில் பழையபடி ஆனது. அப்போதும் நான் இறங்கி ஒரு நட்டைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

போன ஞாயிறு பேத்திக்கு மயில் காட்ட விராலிமலைக்குக் கிளம்பினோம். அன்னவாசல் தாண்டியதும் முன்பக்கம் இடது புறம் 'டக் டக்' என்று ஒரு சத்தம். இலுப்பூரில் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். ஐந்து நட்டில் இரண்டு விரலாலேயே சுற்ற வந்தன. நட்டைச் சுற்றி அலுமினியப் பொடி சாம்பல்போல ஒட்டியிருந்தது. பேத்தி பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கால் ஓடவில்லை. ஸ்டெப்னி இரும்பு டிஸ்க்கை மாட்டி, மற்ற நட்டுகளையும் முறுக்கி, முப்பது வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் அறந்தாங்கி சாலையில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் முதலில் என் விளக்கம் எதையும் கேட்கவில்லை. முன் சக்கரம் இரண்டுக்கும் இரும்பு டிஸ்க் மாட்டி ஓட்டினான். ஸ்டியரிங் அசையவில்லை, பின்னால் அலாய் இருந்ததால் சீட்டு மட்டும் லேசாக அதிர்ந்தது. பிறகு அலாயை மாட்டி ஜாக்கியில் ஏற்றி, ரிம்மை ஒட்டி ஒரு செங்கல்லில் ஆணியைக் கிடத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினான். சுற்றுக்கு ஒரு தடவை ரிம் ஆணியை உரசிவிட்டு விலகியது.

"சார், மெஷின்ல வீலை நடு ஓட்டையில கோன் வச்சுப் பிடிப்பாங்க. அங்க நடுவுல நிக்கும், பூஜ்யம் காட்டும். வண்டியில அப்படி நிக்கலையே!"

விஷயம் அதுதான். அந்த அலாயின் நடு ஓட்டை நம் ஹப்பைவிடப் பெரிது. ஹப் அதைத் தாங்கவில்லை. நட்டுகள்தான் இழுத்து நடுவில் நிறுத்த வேண்டும். நம் நட்டுக்குக் கூம்பு முனை. அந்த அலாயின் ஓட்டையோ கூம்பு வாய் இல்லாத நேரான ஓட்டை, கழுத்துள்ள நட்டு போட்டுத் தட்டை வாஷரில் உட்கார வேண்டிய வகை. கூம்பு முழுதாகப் பதியாமல் விளிம்பை மட்டும் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஓட ஓட அலுமினியம் தேய்ந்து, நட்டு தளர்ந்து, சக்கரம் மையம் விலகியிருக்கிறது. இத்தனைக்கும் 139.7 என்ற என் கணக்கில் பிழையே இல்லை!

இரண்டு அலாயில் ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது, அவை இனி ஆகாது. தளர்ந்த சக்கரத்தின் ஸ்டட் ஐந்தையும் மாற்றினான். இரும்பு டிஸ்க்குகளைத் துரு சுரண்டிப் பெயின்ட் அடித்து, நட்சத்திர வரிசையில் எதிரெதிராக முறுக்கினான். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வந்து முறுக்கச் சொன்னான், போய் முறுக்கியாயிற்று. அலாய் மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே ஒரு நட்டைக் கழற்றி, அதன் முனையையும் அது உட்காரும் வாயையும் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீராகப் பதிந்த தடம் இருக்க வேண்டும்.

கூலி வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான், சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். பேத்தி இன்னும் மயில் பார்க்கவில்லை. வருகிற ஞாயிறு பஸ்ஸில்தான் போகிறோம், வீட்டு உத்தரவு.